நாகர்கோவிலில் இருந்தபடியே கருந்துளையைச் சுற்றியுள்ள தூசை அளப்பது எப்படி: அகச்சிவப்புத் தரவுக்கான முழுமையான வழிகாட்டி

மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் நண்பகலில் செருப்பில்லாமல் நடந்தவர்களுக்குக் கருமணல் என்ன செய்யும் என்று தெரியும். வெயிலை விழுங்கி அதை வெப்பமாகத் திருப்பிக் கொடுக்கும். கேலக்ஸிகளின் மையத்தில் உள்ள பெருங்கருந்துளையைச் சுற்றிக் கிடக்கும் தூசு செய்வதும் இதேதான். கருந்துளைக்குள் விழும் வாயுவிலிருந்து வரும் புற ஊதா ஒளியையும் கண்ணுக்குத் தெரியும் ஒளியையும் தூசு விழுங்கிக்கொள்கிறது. பிறகு அதை அகச்சிவப்பாக உமிழ்கிறது. இந்தத் தூசு கருந்துளையிலிருந்து எவ்வளவு தொலைவில், எத்தனை கெல்வின் வெப்பத்தில் இருக்கிறது என்று பொதுவெளியில் இலவசமாகக் கிடைக்கும் தரவை வைத்தே அளந்துவிடலாம். மைய ஒளி ஏறி இறங்கினால் தூசின் அகச்சிவப்பும் சில காலம் தாமதித்து ஏறி இறங்கும்; அந்தத் தாமதமே ஒளி கடந்த தொலைவைச் சொல்லும். முதுகலை இயற்பியல் மாணவர் ஒருவர் ஒரு பருவத் திட்டப்பணியாக முடித்துவிடக்கூடிய வேலை இது. நான்கு ஜிபி நினைவகம் உள்ள மடிக்கணினியும் கைபேசி இணையமும் போதும்.

தொலைநோக்கி வாங்கி நம் ஊரிலிருந்தே அகச்சிவப்பில் பார்க்க முடியாதா என்று பலரும் கேட்பார்கள். முடியாது, அதன் காரணத்தைத் தெரிந்துகொள்வது நல்லது. ஒரு பொருள் எந்த அலைநீளத்தில் அதிகம் ஒளிர்கிறது என்று அறிய 2898-ஐ அதன் வெப்பநிலையால் வகுத்தால் போதும், விடை மைக்ரானில் (மில்லிமீட்டரின் ஆயிரத்தில் ஒரு பங்கு) வரும். நம் இரவுக் காற்று ஏறத்தாழ 300 கெல்வினில் இருக்கிறது. வகுத்தால் 9.7 மைக்ரான். அதாவது காற்று, தொலைநோக்கிக் குழாய், பிடித்திருக்கும் கை எல்லாமே 10 மைக்ரானில் பளிச்சென்று எரிகின்றன. கேலக்ஸித் தூசும் அங்கேதான் ஒளிர்கிறது. போதாக்குறைக்கு மூன்று பக்கமும் கடல் சூழ்ந்த நம் மாவட்டத்தில் காற்றிலுள்ள நீராவி, அகச்சிவப்பின் பெரும்பகுதியை வழியிலேயே மறித்துவிடும். லடாக்கின் ஹன்லேயில் 4500 மீட்டர் உயரத்தில் இமாலய சந்திரா தொலைநோக்கியை நிறுவியதற்கு இந்த நீராவிப் பிரச்சினை முக்கியக் காரணம். அங்கும்கூட 2.5 மைக்ரான் வரைதான் வசதியாகப் பார்க்க முடியும். அதைத் தாண்டிய அலைநீளங்களை ஆண்டுக்கணக்கில் நிதானமாகக் கண்காணிக்க வேண்டுமென்றால் விண்வெளிக்குத்தான் போக வேண்டும்.

எந்தத் தரவு

2009 டிசம்பர் 14 அன்று ஏவப்பட்ட வைஸ் விண்கலத்தின் ஆடி 40 செ.மீ. விட்டமுடையது. 3.4, 4.6, 12, 22 மைக்ரான் என நான்கு பட்டைகளில் அது வானம் முழுவதையும் படமெடுத்தது. இவற்றை முறையே டபிள்யூ1, டபிள்யூ2, டபிள்யூ3, டபிள்யூ4 என்பார்கள். 2010-இல் குளிர்விக்கும் உறைபொருள் தீர்ந்ததும் 12, 22 மைக்ரான் பட்டைகள் நின்றுபோயின. 2011 பிப்ரவரியில் விண்கலத்தை உறங்க வைத்தார்கள். 2013 டிசம்பரில் நியோவைஸ் என்ற பெயரில் மீண்டும் எழுப்பி, முதல் இரண்டு பட்டைகளில் மட்டும் 2024 கோடைவரை இயக்கினார்கள். சிறுகோள் தேடத்தான் எழுப்பினார்கள் என்றாலும், நமக்கு அது பெரிய கொடையாகிவிட்டது. வானத்தின் ஒவ்வொரு புள்ளியும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஏறக்குறைய ஒரு நாள் நேரத்தில் பத்துப் பதினைந்து தடவை படமாகியிருக்கிறது. பத்தாண்டுக்கும் மேலாக இது நடந்ததால் ஒரு கேலக்ஸிக்கு இருபதுக்கும் சற்று மேலான காலப்புள்ளிகள் கிடைக்கின்றன.

எல்லாம் இர்சா எனப்படும் நாசாவின் அகச்சிவப்புத் தரவகத்தில் கிடைக்கின்றன. ஒரு பொருளுக்குப் பெரும்பாலும் சில நூறு வரிகள்தான் இருக்கும். ஒரு புகைப்படத்தைவிடச் சிறிய கோப்பு அது.

படி 1: இலக்கைத் தேர்ந்தெடுப்பது

முக்கால்வாசித் திட்டப்பணிகள் இங்கேதான் கவிழ்கின்றன. ஆகவே இந்தப் படிக்கு ஒரு வாரம் செலவழித்தாலும் நட்டமில்லை.

எல்லோரும் முதலில் எடுப்பது என்ஜிசி 1068. செயல்படும் கேலக்ஸி மையங்களில், அதாவது கருந்துளை வாயுவை விழுங்கி ஒளிரும் மையங்களில், புகழ்பெற்றது அது. 1985-இல் அன்டனூச்சியும் மில்லரும் முனைவாக்கப்பட்ட ஒளியில் அதன் மறைந்திருந்த அகன்ற நிறமாலைக் கோடுகளை (கருந்துளையருகே வேகமாகச் சுற்றும் வாயுவின் அடையாளம்) கண்டார்கள். கருந்துளையைச் சுற்றி உளுந்தவடை போன்ற தூசு வளையம் இருக்கிறது என்ற எண்ணம் வலுப்பெற்றது அதிலிருந்துதான். வடையைப் பக்கவாட்டில் பார்த்தால் நடு ஓட்டை தெரியாது. அப்படித் தெரிவது இரண்டாம் வகை. மேலிருந்து பார்த்தால் ஓட்டை தெரியும், அது முதல் வகை. ஆனால் நம் வேலைக்கு என்ஜிசி 1068 ஆகவே ஆகாது. ஒன்று, வைஸ் கருவிக்கு அது அளவு மீறிய பிரகாசம், படப்புள்ளிகள் நிரம்பி வழிந்துவிடும். இரண்டு, அது இரண்டாம் வகை. மையத்தின் நேரடி ஒளி நமக்கு வராததால், ஒளி ஏறி இறங்குவதைக் கண்ணொளியில் (கண்ணுக்குத் தெரியும் ஒளியில்) பின்தொடர முடியாது. மூன்று, சுற்றிலும் புதிய விண்மீன்கள் பிறந்துகொண்டிருக்கின்றன, அவற்றின் தூசும் சேர்ந்தே ஒளிர்கிறது.

அடுத்த விருப்பம் என்ஜிசி 4151. முதல் வகைதான், நன்றாக ஏறி இறங்கவும் செய்யும். ஆனால் அதன் சூடான தூசு ஏறத்தாழ 50 ஒளிநாள் (ஒளி 50 நாளில் கடக்கும்) தொலைவில் இருக்கிறது என்று 2.2 மைக்ரான் கண்காணிப்பில் அளந்திருக்கிறார்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார்க்கும் நியோவைஸ் 50 நாள் தாமதத்தை எப்படிப் பிடிக்கும்?

ஆகவே இலக்கு இப்படி இருக்க வேண்டும்:

- முதல் வகை, ரேடியோவில் அமைதியானது. பிளேசர் வகை (நம்மை நோக்கிப் பொருள் தாரையாகப் பீறிடும் மையங்கள்) வேண்டாம். அவற்றின் அகச்சிவப்பு, தூசிலிருந்து வராமல் பீச்சுத்தாரையிலிருந்து வருகிறது. நிறம் தூசைப் போலவே சிவந்திருக்கும், தாமதம் மட்டும் சுழியம் என்று வந்து குழப்பும்.
- டபிள்யூ1 அளவு (பிரகாசத்தைக் குறிக்கும் எண்; கூடினால் மங்கல்) 8-ஐவிடவும் டபிள்யூ2 அளவு 7-ஐவிடவும் மங்கலாக இருக்க வேண்டும். அதைவிடப் பிரகாசமானால் நிரம்பல் பிழை வரும்.
- மொத்த ஒளிர்வு விநாடிக்கு 10⁴⁵ எர்க்குக்கு மேல் இருக்க வேண்டும். அப்போதுதான் தாமதம் பல நூறு நாட்களாக நீளும்.
- கண்ணொளியில் 13 முதல் 16 அளவுக்குள் இருந்தால், வானக் கண்காணிப்புத் திட்டங்களின் ஒளிவளைவு (காலப்போக்கில் பிரகாசம் மாறுவதைக் காட்டும் வரைபடம்) கிடைக்கும்.

இந்த நிபந்தனைகளுக்குப் பொருந்துபவை பாலோமார்–கிரீன் பட்டியலின் அருகிலுள்ள குவாசர்கள், அதாவது மிகப் பிரகாசமான செயல்படும் மையங்கள். பிஜி 0052+251 (செம்பெயர்ச்சி, அதாவது அண்ட விரிவால் அலைநீளம் நீண்ட விகிதம், 0.155), பிஜி 0804+761 (0.100), பிஜி 0953+414 (0.234) ஆகியவற்றிலிருந்து தொடங்கலாம். இந்தப் பட்டியலிலுள்ள குவாசர்களை வைஸ் தரவைக் கொண்டு ஆய்ந்த கட்டுரைகள் 2019 முதல் வெளிவந்துள்ளன. உங்கள் விடையை அவற்றோடு ஒப்பிட்டுச் சரிபார்க்க முடியும் என்பதே இந்தக் குவாசர்களைப் பரிந்துரைக்க முதல் காரணம்.

புதிய மையங்களைத் தேடிக் கண்டுபிடிக்கும் ஆசை இருந்தால் ஓர் எளிய வடிகட்டி உண்டு. டபிள்யூ1-லிருந்து டபிள்யூ2-ஐக் கழித்தால் 0.8 அல்லது அதற்கு மேல் வர வேண்டும், டபிள்யூ2 15.05-ஐவிடப் பிரகாசமாக இருக்க வேண்டும். 2012-இல் ஸ்டெர்ன் குழு தந்த இந்த வடிகட்டியில் ஒரு சதுர பாகைக்கு ஏறத்தாழ 62 பொருட்கள் சிக்கும், அவற்றில் 95 விழுக்காடு உண்மையான செயல்படும் மையங்கள். சாதாரண விண்மீனுக்கு இந்தக் கழித்தல் சுழியத்தை ஒட்டியே வரும் என்பதால்தான் இந்த முறை வேலை செய்கிறது.

படி 2: எதிர்பார்க்கும் விடையை முன்கூட்டியே கணக்கிடுங்கள்

தரவைத் திறப்பதற்கு முன்பே, எவ்வளவு தாமதம் வர வேண்டும் என்று ஒரு தாளில் எழுதி வையுங்கள். தூசு ஏறத்தாழ 1500 கெல்வினில் பதங்கமாகி ஆவியாகிவிடும். ஆகவே கருந்துளைக்கு மிக அருகில் தூசு இருக்க முடியாது. அந்த எல்லையின் ஆரம், பார்செக்கில்:

ஆரம் = 0.4 × √(மொத்த ஒளிர்வு ÷ 10⁴⁵)

ஒளிர்வு 10⁴⁵ என்றால் 0.4 பார்செக், அதாவது 476 ஒளிநாள். (ஒரு பார்செக் 1191 ஒளிநாள்.) 6×10⁴⁵ என்றால் 0.98 பார்செக், 1167 ஒளிநாள்.

ஆனால் உண்மையில் அளந்தால், 2.2 மைக்ரானில் இந்தக் கணக்கில் பாதியோ மூன்றில் ஒரு பங்கோதான் வரும். அது உங்கள் பிழை அல்ல. பெரிய கிராஃபைட் துகள்கள் இன்னும் அதிக வெப்பத்தைத் தாங்கி உள்ளே தள்ளி நிற்கின்றன. கருந்துளையைச் சுற்றும் வாயு வட்டும் எல்லாத் திசையிலும் ஒரே அளவாக ஒளியை வீசுவதில்லை, தன் விளிம்புப் பக்கமாகக் குறைவாகவே வீசுகிறது. 3.4 மைக்ரானில் தெரியும் தூசு சற்றுக் குளிர்ந்தது, ஆகவே சற்று வெளியே இருக்கும். 4.6 மைக்ரானில் தெரிவது இன்னும் வெளியே. எனவே தாமதம் டபிள்யூ1-ஐவிட டபிள்யூ2-இல் கொஞ்சம் அதிகமாக வர வேண்டும். தலைகீழாக வந்தால் எங்கோ தவறு.

படி 3: பதிவிறக்கம்

இர்சாவில் இரண்டு அட்டவணைகள் தேவை. 2010–11 காலத்துக்கு ஆல்வைஸ் பன்முறை ஒளியளவு அட்டவணை, 2013-க்குப் பிறகு நியோவைஸ் ஒற்றைப் படப்பிடிப்பு மூல அட்டவணை. இரண்டிலும் பொருளின் ஆயத்தொலைவைப் பாகையில் கொடுத்து, 3 வில்விநாடி ஆரத்துக்குள் தேடுங்கள். பிஜி 0052+251-க்கு 13.717, +25.427. வலஏற்றத்தை (வானத்தின் கிழக்கு–மேற்கு ஆயத்தொலைவை) மணிக் கணக்கிலேயே கொடுத்துவிட்டு வேறெங்கோ உள்ள விண்மீனை இறக்கிக்கொள்வது அடிக்கடி நடக்கும். மணியை 15-ஆல் பெருக்கினால்தான் பாகை.

வந்த வரிகளில் கெட்டதைக் களைய வேண்டும். அட்டவணையின் தலைப்புகளைக் கவனமாகப் படித்து, பின்வருமாறு வடிகட்டுங்கள்:

- படத்தின் தரமதிப்பெண்கள் இரண்டும் (சட்டகத் தரம், படத் தரக் காரணி) சுழியத்துக்கு மேல்.
- தென் அட்லாண்டிக் கதிர்வீச்சுப் பகுதியிலிருந்து விலகல் சுழியத்துக்கு மேல்.
- நிலவொளி மறைப்புக் குறி இரு பட்டைக்கும் சுழியம்.
- மாசுக் குறி இரு பட்டைக்கும் சுழியம். பிரகாசமான அண்டை விண்மீனின் ஒளிக்கீற்றோ பேயுருவமோ விழுந்ததை இது காட்டும்.
- ஒளியளவின் பொருத்தக் கை-வர்க்கம் (பொருத்தம் தரவிலிருந்து விலகும் அளவு) 5-க்குக் கீழ். அருகிலுள்ள, அகன்று தெரியும் கேலக்ஸிகளில் இந்த எல்லையைக் கொஞ்சம் தளர்த்தலாம்.

பைத்தான் தெரியாதவர்களும் டாப்கேட் என்ற இலவச மென்பொருளில் இதையெல்லாம் செய்துவிடலாம். வடிகட்டிய பின் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வரிகள் போய்விட்டால் அந்த இலக்கையே மாற்றுவது நல்லது.

படி 4: காலப்புள்ளிகளாகத் தொகுத்தல்

அடுத்தடுத்த இரு படங்களுக்கிடையே 30 நாளுக்கு மேல் இடைவெளி வந்தால், அது புதிய காலப்புள்ளி. ஒவ்வொரு தொகுப்பிலும் இடைநிலை மதிப்பை எடுங்கள். சராசரி வேண்டாம், ஒரே ஒரு கெட்ட படம் சராசரியைத் தன் பக்கம் இழுத்துவிடும். திட்டவிலக்கத்தைப் படங்களின் எண்ணிக்கையின் வர்க்கமூலத்தால் வகுத்தால் வருவதே அந்தக் காலப்புள்ளியின் பிழையளவு.

இந்தப் பிழையை அப்படியே நம்பாதீர்கள். ஒரு தொகுப்புக்கும் அடுத்த தொகுப்புக்கும் இடையே கருவியின் அளவீடே சிறிது நகரும். எவ்வளவு நகர்கிறது என்று கண்டறிய, இலக்கின் பக்கத்தில் அதே அளவு பிரகாசமுள்ள ஐந்தாறு சாதாரண விண்மீன்களை எடுத்து இதே வேலையைச் செய்யுங்கள். அவை மாறக்கூடாதவை. ஆனாலும் தொகுப்புக்குத் தொகுப்பு ஏதோ ஒரு சிதறல் காட்டும், பெரும்பாலும் 0.01 முதல் 0.02 அளவு வரை. அந்தச் சிதறலை வர்க்கித்து உங்கள் பிழையின் வர்க்கத்தோடு கூட்டி, வர்க்கமூலம் எடுங்கள். ஒப்பீட்டு விண்மீன் இல்லாமல் எழுதிய ஒளிவளைவு அறிக்கையை ஏற்கவே கூடாது என்பது எங்கள் உறுதியான கருத்து.

பிறகு அளவுகளைப் பாயமாக (நம்மை வந்தடையும் ஒளியின் அளவாக) மாற்றுங்கள். டபிள்யூ1-இன் சுழியப்புள்ளி 309.54 ஜான்ஸ்கி (பாயத்தின் அலகு), டபிள்யூ2-க்கு 171.787. அளவை −0.4-ஆல் பெருக்கி, 10-இன் அடுக்காக்கி, சுழியப்புள்ளியால் பெருக்கினால் பாயம். வைஸ் அளவுகள் வேகா முறையில் உள்ளவை. ஏபி முறை அளவு வேண்டுமென்றால் டபிள்யூ1-உடன் 2.699, டபிள்யூ2-உடன் 3.339 கூட்ட வேண்டும். இரண்டையும் கலந்துவிட்டால் தூசின் வெப்பநிலை அபத்தமாக வரும்.

படி 5: கண்ணொளி வளைவு

தூசைச் சூடாக்கும் விளக்கு எப்படி ஏறி இறங்கியது என்று தெரிய வேண்டும். இசட்டிஎஃப் திட்டம் 2018 முதல் வட வானத்தைப் பார்க்கிறது, அதன் தரவும் இர்சாவிலேயே இருக்கிறது. அதற்கு முந்தைய ஆண்டுகளுக்கு அசாசென் கண்காணிப்பும் கேடலினா கண்காணிப்பும் கைகொடுக்கும். அசாசென் 2018 வரை வி பட்டையிலும் அதன் பின் ஜி பட்டையிலும் இயங்கியது. இரண்டையும் ஒட்டும்போது வெறுமனே ஒரு மாறிலியைக் கூட்டினால் போதாது. தாய் கேலக்ஸியின் விண்மீன் ஒளி ஒவ்வொரு பட்டையிலும் ஒவ்வொரு அளவில் கலந்திருக்கும். ஆகவே இரண்டும் ஒரே காலத்தில் பார்த்த மாதங்களை எடுத்து, பாயத்தில் ஒரு பெருக்கலும் ஒரு கூட்டலும் கொண்ட நேர்கோட்டைப் பொருத்துங்கள்.

ஒரு முக்கியக் கணக்கு: எதிர்பார்க்கும் தாமதம் 500 நாள் என்றால், முதல் அகச்சிவப்புப் புள்ளிக்கு 500 நாளுக்கு முன்பிருந்தே கண்ணொளித் தரவு இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அந்த அகச்சிவப்புப் புள்ளி வீண்.

நம் மாவட்டத்தில் 8 அங்குலத் தொலைநோக்கியும் சீமாஸ் கேமராவும் வைத்திருப்பவர்கள் இந்தப் படிக்குத் தாங்களே தரவு சேர்க்கலாம். கண்ணொளிக்கு நீராவி அவ்வளவு தடையில்லை. பயிற்சிக்கு 3சி 273 குவாசரை எடுக்கலாம் (ரேடியோவில் வலுவானது என்பதால் படி 1-இன் நிபந்தனைக்குப் பொருந்தாது). அது 13-ஐ ஒட்டிய அளவுடையது, ஏப்ரல் நடுவில் இரவு பதினொன்றேகால் வாக்கில் கிட்டத்தட்ட நம் தலைக்கு மேலே வரும். என்ஜிசி 1068 வான நடுக்கோட்டை ஒட்டியிருப்பதால், ஜனவரி நடுவில் இரவு ஏழரைக்கு உச்சியிலிருந்து எட்டுப் பாகை மட்டுமே தள்ளி நிற்கும். அதை அளக்க வேண்டாம் என்று சொன்னோம், ஆனால் கண்ணால் பார்க்க அதைவிட நல்ல இலக்கு இல்லை. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து தென்மேற்கு தொடங்குவதற்குள், ஜனவரி முதல் ஏப்ரல் வரைதான் நமக்கு நம்பகமான இரவுகள்.

படி 6: தாமதத்தை அளப்பது

வேளிமலை அடிவாரத்தில் வெடி வெடித்தால் சத்தம் மலையில் பட்டு எதிரொலிக்கும். மலையின் அருகிலுள்ள முகப்பிலிருந்து முதலில் வரும், தள்ளியுள்ள பாறைகளிலிருந்து பின்னால் வரும். ஆகவே 'டம்' என்று போன சத்தம் உருண்டு நீண்டு திரும்பும். தூசு வளையமும் இப்படித்தான். நம் பக்கம் உள்ள தூசின் எதிரொளி சீக்கிரம் வருகிறது, மறுபக்கத்தினுடையது தாமதித்து வருகிறது. இதனால் அகச்சிவப்பு வளைவு கண்ணொளி வளைவைவிட மழுங்கி, பரவித் தெரியும்.

இங்கே கருமணல் உவமையைக் கொஞ்சம் தள்ளி வைக்க வேண்டும். மணல் மத்தியானத்துக்குப் பிறகே உச்ச சூட்டை எட்டுவது மணலின் வெப்பக்கொள்ளளவால். மைக்ரானுக்கும் குறைந்த தூசுத் துகளுக்கு அந்தப் பிரச்சினை இல்லை, ஒளி பட்டவுடனே சூடாகிவிடும். ஆகவே நாம் அளக்கும் தாமதம் முழுவதும் ஒளி பயணம் செய்த நேரம்தான். தாமதத்தை நேரடியாகத் தொலைவாக மாற்ற முடிவது இதனால்தான்.

இரண்டு முறைகளிலும் செய்து பாருங்கள்.

முதல் முறை குறுக்குத் தொடர்பு. அடர்த்தியாக உள்ள கண்ணொளி வளைவை இடைச்செருகுங்கள் (இடைவெளிகளை அண்டைப் புள்ளிகளைக் கொண்டு நிரப்புங்கள்), அகச்சிவப்பை ஒருபோதும் இடைச்செருகாதீர்கள். ஆறு மாத இடைவெளியில் நடுவே என்ன நடந்தது என்று யாருக்கும் தெரியாது. −500 முதல் +1500 நாள் வரை நகர்த்தி, ஒவ்வொரு நகர்விலும் தொடர்புக் கெழுவைக் கணக்கிடுங்கள். உச்சத்தின் 80 விழுக்காட்டுக்கு மேல் உள்ள பகுதியின் மையமே தாமதம். பிழைக்கு, புள்ளிகளைக் குலுக்கல் முறையில் எடுத்தும் பாயங்களைப் பிழையளவுக்கு ஆட்டியும் ஆயிரம் தடவையாவது திரும்பச் செய்யுங்கள். பைசிசிஎஃப் நிரல் இதைத் தானே செய்யும்.

இரண்டாம் முறை ஒரு விரிதாளிலேயே செய்யக்கூடியது, எங்களுக்கு இதுதான் அதிகம் பிடிக்கும். அகச்சிவப்புப் பாயம் என்பது ஒரு மாறிலியும், பழைய கண்ணொளிப் பாயத்தின் ஒரு பெருக்கமும் சேர்ந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பழைய பாயம் ஒரு நாளின் மதிப்பு அல்ல. தாமதம் என்ற நாளை நடுவாக வைத்து, ஓர் அகலத்துக்குள் எடுத்த சராசரி. தாமதத்தைப் பத்துப் பத்து நாளாகவும் அகலத்தை ஐம்பது ஐம்பது நாளாகவும் மாற்றிக்கொண்டே போய், ஒவ்வொரு தடவையும் நேர்கோட்டுப் பொருத்தம் செய்து கை-வர்க்கத்தைக் குறியுங்கள். குறைந்தபட்சம் எங்கே இருக்கிறதோ அதுவே விடை. மாறிலிக்குள் தாய் கேலக்ஸியின் ஒளி தானாகவே அடங்கிவிடும், தனியாகக் கழிக்கத் தேவையில்லை.

இனி ஏமாற்றும் இடங்கள். விடை 180 நாளையோ 365 நாளையோ ஒட்டி வந்தால் உடனே நம்பாதீர்கள். விண்கலம் ஆறு மாதத்துக்கு ஒருமுறை வருவதும், சூரியன் மறைப்பதால் கண்ணொளியில் ஆண்டுதோறும் இடைவெளி விழுவதும் சேர்ந்து அங்கே பொய்யான உச்சங்களை உண்டாக்கும். அகச்சிவப்புப் புள்ளிகளில் ஒன்றுவிட்டு ஒன்றை நீக்கிவிட்டு மறுபடி கணக்கிட்டுப் பாருங்கள். உண்மையான உச்சம் இடம் மாறாது. இன்னொன்று, பத்தாண்டுகளில் குவாசர் ஒரே சீராக ஏறியோ இறங்கியோ போயிருந்தால் எல்லாத் தாமதமும் நன்றாகப் பொருந்துவதுபோல் தெரியும். குறைந்தது ஓர் ஏற்றமும் ஓர் இறக்கமும் தரவுக்குள் இருக்க வேண்டும். அது இல்லாத இலக்கை எத்தனை நிரல் எழுதினாலும் காப்பாற்ற முடியாது. பிழை ±10 நாள் என்று நிரல் சொன்னால் சந்தேகப்படுங்கள், ஆறு மாத இடைவெளியுள்ள தரவிலிருந்து அவ்வளவு துல்லியம் வருவது அரிது.

கிடைத்த தாமதத்தை (1 + செம்பெயர்ச்சி)-ஆல் வகுக்க மறக்க வேண்டாம். விரிவடையும் அண்டத்தில் நேரமும் நீள்கிறது. எடுத்துக்காட்டாக 540 நாள் என்று அளந்து செம்பெயர்ச்சி 0.155 என்றால், 540 ÷ 1.155 = 468 நாள். அதை 1191-ஆல் வகுத்தால் 0.39 பார்செக்.

படி 7: வெப்பநிலை

டபிள்யூ1–டபிள்யூ2 வித்தியாசத்தை ஒரு கரும்பொருள் (ஒளிர்வு வெப்பநிலையை மட்டுமே சார்ந்த பொருள்) உமிழ்வாக எடுத்துக்கொண்டால் வரும் வெப்பநிலைகள் இவை: 0.6 என்றால் ஏறத்தாழ 1370 கெல்வின், 0.8 என்றால் 1100, 1.0 என்றால் 925, 1.2 என்றால் 800. இதை (1 + செம்பெயர்ச்சி)-ஆல் பெருக்கினால் பொருளின் சொந்த வெப்பநிலை கிடைக்கும்.

ஆனால் மொத்தப் பாயத்தை எடுத்துக் கணக்கிட்டால் தவறும். தாய் கேலக்ஸியின் விண்மீன்கள் 3.4 மைக்ரானில் அதிகம் ஒளிர்ந்து தூசை உண்மையைவிடச் சூடாகக் காட்டும். இதற்கு அழகான மாற்றுவழி உண்டு. விண்மீன்கள் பத்தாண்டில் மாறுவதில்லை, தூசு மட்டுமே மாறுகிறது. ஆகவே உச்சப் பாயத்திலிருந்து தாழ்ந்த பாயத்தைக் கழித்தால் மிஞ்சுவது தூசு மட்டும். இரு பட்டையிலும் பாயம் 20-லிருந்து ஏறுகிறது, டபிள்யூ1-இல் 24 மில்லிஜான்ஸ்கிக்கும் டபிள்யூ2-இல் 24.8-க்கும் என்று வைத்துக்கொள்வோம். தாழ்ந்த நிலையின் மொத்தப் பாயத்தை மட்டும் பார்த்தால் விகிதம் 1.0, வெப்பநிலை 1300 கெல்வின். ஏற்றத்தை மட்டும் பார்த்தால் 4-க்கு 4.8, விகிதம் 1.2, வெப்பநிலை 1060 கெல்வின். செம்பெயர்ச்சி 0.155-க்குத் திருத்தினால் 1220-ஐ ஒட்டி வரும். ஏற்றத்தை மட்டும் வைத்துக் கண்டு, செம்பெயர்ச்சிக்குத் திருத்திய இந்த மதிப்பையே அறிக்கையில் எழுதுங்கள். இரண்டு புள்ளிகளை மட்டும் நம்பாமல், எல்லாக் காலப்புள்ளிகளையும் வைத்து டபிள்யூ2 பாயத்துக்கு எதிராக டபிள்யூ1 பாயத்தை வரைந்து சாய்வை எடுப்பது இன்னும் உறுதியானது.

12 மைக்ரான் பட்டையை இதோடு சேர்த்து வெப்பநிலை காண முயலாதீர்கள். அந்த அகன்ற பட்டைக்குள் சிலிக்கேட் தூசின் 9.7 மைக்ரான் அடையாளமும், விண்மீன் பிறப்பிடங்களின் 11.3 மைக்ரான் கரிமக் கோடும் ஒன்றாக விழுகின்றன. அவற்றைப் பிரித்துப் பார்க்க நிறமாலை வேண்டும். 2003-இல் ஏவிய ஸ்பிட்சர் தொலைநோக்கியின் 5 முதல் 38 மைக்ரான் நிறமாலைகள் காசிஸ் என்ற தொகுப்பில் சீர்செய்யப்பட்டுக் கிடைக்கின்றன. உங்கள் குவாசர் அதில் இருந்தால் 9.7-ஐ (1 + செம்பெயர்ச்சி)-ஆல் பெருக்கி அந்த இடத்தைப் பாருங்கள். 0.155-க்கு அது 11.2 மைக்ரான். முதல் வகையில் பெரும்பாலும் அங்கே ஒரு மேடு தெரியும், இரண்டாம் வகையில் பள்ளம். வடையின் ஓட்டை வழியாகச் சூடான உட்சுவரைப் பார்க்கிறோமா, குளிர்ந்த வெளிப்புறத்தைப் பார்க்கிறோமா என்பதற்கு இது நேரடிச் சான்று.

எழுதும்போது எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக்கூடாது

டபிள்யூ1 படத்தின் பிரிதிறன் 6.1 வில்விநாடி. என்ஜிசி 1068-இன் தொலைவான 1.44 கோடி பார்செக்கில் அது 430 பார்செக் அளவுக்குச் சமம். அதே கேலக்ஸியில் 2020-இல் கிராவிட்டி கருவி நான்கு பெருந்தொலைநோக்கிகளின் ஒளியை ஒன்றுசேர்த்துப் பார்த்த சூடான தூசு வளையத்தின் ஆரம் 0.24 பார்செக். படத்தில் ஒருபோதும் தெரியாத இந்த அளவைத்தான் நாம் காலத்தை வைத்து எட்டிப்பிடிக்கிறோம். ஆகவே தொலைவைச் சொல்லலாம், வடிவத்தைச் சொல்ல முடியாது. வளையம் வடை போன்றதா, துண்டு துண்டான மேகக் கூட்டமா, துருவத் திசையில் தூசு காற்றாக வீசுகிறதா என்பதை இருபது காலப்புள்ளிகள் தீர்த்துவைக்காது. சில அருகாமைக் கேலக்ஸிகளில் நடு அகச்சிவப்பு ஒளியின் பெரும்பங்கு துருவத் திசையிலிருந்தே வருகிறது என்று குறுக்கீட்டு அளவீடுகள் காட்டியிருக்கின்றன. எனவே "வளையத்தின் ஆரம்" என்று எழுதாமல், "3.4 மைக்ரானில் ஒளிரும் தூசின் சராசரித் தொலைவு" என்று எழுதுங்கள்.

அறிக்கையின் அட்டவணையில் ஒவ்வொரு காலப்புள்ளிக்கும் தேதி, வடிகட்டலுக்கு முன்னும் பின்னும் இருந்த படங்களின் எண்ணிக்கை, இரு பட்டைப் பாயங்கள், ஒப்பீட்டு விண்மீன்களின் சிதறல் சேர்த்த பிழை ஆகியவை இருக்கட்டும். இரண்டு முறைகளிலும் வந்த தாமதங்களைத் தனித்தனியாகக் கொடுங்கள், சராசரி எடுத்து ஒன்றாக்க வேண்டாம். படி 2-இல் தாளில் எழுதி வைத்த எதிர்பார்ப்பையும் அதன் பக்கத்திலேயே அச்சிடுங்கள்.